நிற்கும் மழை

சனிக்கிழமை காலையில் உருக்ககத்தில் கூட்டம் நெரியும் என்று தெரிந்தேதான் மாதங்கி கிளம்பினாள். உறையூர்ப் பகுதிக்கு வாரத்தில் அன்றுதான் உலை மூட்டுவார்கள். அவளுக்கு முன்னால் நின்ற பெண் ஒரு எவர்சில்வர் கரண்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். மகனுடைய கரண்டிதான், அவனுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டுமாம். அதற்கும் முன்னால் ஒரு புதுமணத் தம்பதி. மாப்பிள்ளையின் பழைய சைக்கிள் சட்டத்தை உருக்கித் தோசைக்கல் வார்க்கச் சொல்லிவிட்டு, தோசை ஒட்டாமல் வருமா என்று உலைக்காரரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாதங்கியின் இடுப்பில் ஒரு செப்புக் குடம் இருந்தது. அது அவளுடையது இல்லை. எதிர்வீட்டுச் சவரிராயனும் அவர் மனைவி புஷ்பமும் கொடுத்தது. அவள் முறை வந்ததும் உலைக்காரர் குடத்தின் அடியில் படிப்பானை வைத்தார். செம்போடு கலந்திருந்த தடத்துகள்கள் அந்த இருவரின் பெயரையும் காட்டின. அடுத்தவர் பங்கா என்று கேட்டார். இருவரும் இரவல் தரச் சம்மதித்துக் கையெழுத்திட்ட பங்கொப்பத்தை மாதங்கி காட்டினாள். கலைக்கு என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு, என்னவாக வேண்டும் என்றார். கம்பியாக, தையல் நூல் பருமனுக்கு, நடுவில் அறுபடாமல் ஒரே இழையாக வேண்டும் என்றாள் அவள்.

மண்ணைத் தோண்டி உலோகம் எடுப்பதை உலகம் நிறுத்தி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கடல் ஏறிவந்து சென்னையின் பாதியை எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த ஞானம் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன்பின் இருக்கும் உலோகம்தான் உலோகம். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உலோகப் பங்கு உண்டு. அதை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க உருக்கி உருக்கி வேறு வேறாக ஆக்கிக்கொள்ளலாம். பத்து வயதில் சைக்கிள் சங்கிலியாக இருந்தது நாற்பதில் வாணலியாகும், எழுபதில் முழங்கால் மூட்டாகும். ஆள் போனதும் பங்கு பொதுவுக்குத் திரும்பி இன்னொரு தொட்டிலுக்குப் போகும். மற்றபடி வீடு பூஞ்சைப் பலகை, கட்டில் மூங்கில், பேருந்துகூடப் பாதிக்கு மேல் நார்க்கலவை. யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

கலைஞர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. விருப்பமுள்ள யாரும் தங்கள் பங்கில் மிச்சமிருப்பதை ஒரு படைப்புக்கு இரவல் தரலாம். ஓர் ஆண்டு வரை அது கலைஞரின் கையில். ஆண்டு முடிந்ததும் படைப்பைப் பிரித்து உலோகத்தை உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். மாதங்கி இருபது ஆண்டுகளாகச் செய்த அத்தனையும் அப்படித்தான் பிரிந்து போயின. அவள் செய்த யானையின் தந்தம் இப்போது யார் வீட்டிலோ கதவுக் கீலாக இருக்கிறது. தான் செய்ததில் ஒன்றாவது நிற்கக் கூடாதா என்று அவள் ஏங்காத நாள் இல்லை. அதற்கும் ஒரு வழி இருந்தது. கலைமன்றத்தின் நடுவர்கள் ஒரு படைப்புக்கு நிலைப்பேறு வழங்கிவிட்டால் பிறகு அதை யாராலும் பிரிக்க முடியாது. இரவல் தந்தவர்களுக்கு அரசின் கையிருப்பிலிருந்து அதே எடை போய்ச் சேரும். தமிழ்நாடு முழுக்க ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் அப்படித் தேறும்.

குடத்தைக் கொடுத்த அன்று புஷ்பம் சொன்னது இவ்வளவுதான்: "பரண்ல கெடந்து பச்சை பூக்குறதுக்கு, உங்கிட்ட இருந்தா நாலு பேரு பாப்பாங்கள்ல?" சவரிராயன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய், காதுப்பொறி வைத்துத்தான் கேட்பார். புஷ்பத்துக்கு வாய் ஓயாது. அவள் பேச்சு இரண்டு நிமிடம் நின்றால் சவரிராயன் பொறி கெட்டுவிட்டதோ என்று காதுக்குப் பின்னால் தட்டிப் பார்ப்பார். அந்த மாடியில் இருந்த எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை.

கண்காட்சியின் பெயர் 'கலவை'. பொன்மலையில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பழைய பணிமனைக் கொட்டகையை ஐந்து கலைஞர்கள் சேர்ந்து எடுத்திருந்தார்கள். முன்னின்று நடத்தியவன் இல்யாஸ். அவன் உப்பையும் பழைய கணினிகளின் பிளாஸ்டிக் ஓடுகளையும் அடுக்கி மூழ்கிய தெருவொன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி சலூன்களிலிருந்து மூட்டை மூட்டையாக முடி வாங்கிவந்து சுண்ணாம்பில் குழைத்து ஆளுயர முகங்கள் செய்தாள். இன்னொருவர் உடைந்த சோடா பாட்டில்களையும் முட்டை ஓடுகளையும் வைத்து ஒரு கடற்கரை. ஐந்தாமவர் உயிருள்ள பூஞ்சையையே வளர்த்தார். அவருடைய சிற்பம் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை வீங்கியது, காலையில் வந்து பார்க்கும்போது எல்லாருக்கும் லேசாகப் பயமாக இருக்கும்.

மாதங்கி மழையைச் செய்துகொண்டிருந்தாள். கூரையிலிருந்து தரைவரை செப்புக் கம்பி இறங்கி ஏறி இறங்கி ஏறி, அறுபடாத ஒரே இழை. அதன் குறுக்கே கிழிந்த மீன்வலை, தேங்காய் நார், சாயம் போன புடவைத் துண்டுகள், மீன் செதில்கள். வாசல் கதவு திறக்கும்போது காற்று பட்டால் மொத்தமும் சன்னமாக இரையும். தூரத்தில் மழை வருகிற மாதிரியே இருக்கும். 'நிற்கும் மழை' என்று பெயர் வைத்தாள். தன் வாழ்நாளில் செய்ததில் இதுதான் சிறந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இல்யாஸும் பார்த்துவிட்டுப் போய்த் தன் உப்புத் தெருவின் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

இதற்கிடையில் புஷ்பத்துக்கு நுரையீரல் படுத்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவளுக்கு மூச்சுப்பொறி செய்ய அவள் பங்கு போதாமல் சவரிராயனின் பங்கில் மீதமிருந்ததும் போயிற்று. மூச்சுப்பொறி, காதுப்பொறி போல உடம்புக்கு உதவும் கருவிகளுக்குச் சொந்தப் பங்கையோ கணவன் மனைவி பங்கையோதான் சேர்க்கலாம், வெளியார் பங்கு கூடாது. ஆரம்ப காலத்தில் கடன் கொடுத்தவர்கள் உயிரோடு இருப்பவர்களின் உடம்பிலிருந்தே உலோகத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டதால் வந்த சட்டம் அது.

கண்காட்சி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது சவரிராயன் கொட்டகைக்கு வந்தார். கையில் கைத்திரையைப் பிடித்திருந்தார். எதிரில் இருப்பவர் பேசினால் அதில் எழுத்தாக ஓடும்.

"பொறி போச்சு தாயி," என்றார். "தட்டிப் பாத்தேன், வெயில்ல வச்சுப் பாத்தேன், ஒண்ணும் வேலைக்காகல. பழசு அரிச்சுப்போச்சு, உருக்குனாலும் பத்தாதாம்; உலோகத்தைக் குடுத்தா ரெண்டு நாள்ல புதுசு செஞ்சு தர்றோம்ங்கிறாங்க. ஒரு கைப்பிடி செம்பு இருந்தாப் போதும். உன் வேலைக்கு இடைஞ்சல் இல்லன்னா கொஞ்சம் கழட்டித் தர்றியா?"

மாதங்கி ஏணியிலிருந்து இறங்கினாள். ஒரு கைப்பிடி என்றாலும் அந்த இழையை வெட்ட வேண்டும். வெட்டினால் மழை முழுவதும் தொய்ந்து சரியும். வேறு யாரிடமாவது செம்பு இரவல் வாங்கிப் புது இழையோட்ட மூன்று வாரமாவது ஆகும். கண்காட்சியை விட்டுவிட வேண்டியதுதான். நடுவர்கள் வருவதாக எழுதியிருந்தார்கள். இதெல்லாம் அவள் மனதில் ஓடி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் பின்னாளில் அவளை அதிகமாகக் குடைந்தது. அவள் தயங்கக்கூட இல்லை.

"கண்காட்சி முடியட்டும்ண்ணே. ஒரு மாசம்தான்," என்றாள்.

அவள் சொன்னது கைத்திரையில் எழுத்தாக விழுந்தது. அவர் அதைத் தேவைக்கு அதிகமாகவே நேரமெடுத்துப் படித்தார். பிறகு தலையை ஆட்டினார். ஒரு மாதம் பெரிய விஷயமா, ஒன்றும் அவசரமில்லை என்றார். மழையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்து, குடம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை என்று சொன்னார். வாசலுக்குப் போனவர் திரும்பிப் பார்க்காமலே, "புஷ்பம் பேசுறதுதான் புடிபட மாட்டேங்குது," என்றார்.

அவளுக்கு அது நன்றாகவே கேட்டது.

மூச்சுப்பொறியின் முகமூடி புஷ்பத்தின் வாயை மூடியிருந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை. குரலோ வெறும் காற்றாகத் தேய்ந்திருந்தது. கைத்திரையை எவ்வளவு பக்கத்தில் பிடித்தாலும் எழுத்துக்குப் பதில் புள்ளிகள்தான் வந்தன. பல வருடம் அந்தக் குரலோடு பழகிய காதால் மட்டும்தான் அதைப் பிடிக்க முடியும். சவரிராயன் அந்தக் காதை இழந்துவிட்டிருந்தார்.

மாதங்கி இதை இல்யாஸிடம் சொன்னாள். அவன் பங்கொப்பத்தை வாங்கிப் படித்துப் பார்த்து, சட்டப்படி அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றான். நிலைப்பேறு கிடைத்தால் அவருக்குக் கையிருப்பிலிருந்து உடனே உலோகம் வந்துவிடும், அவருக்கும் அதுதான் நல்லது என்றான். அவள் கேட்க விரும்பியதும் அதைத்தான். கேட்டபிறகு நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

அதனால் அவள் மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். எதிர்வீட்டில் பதினைந்து வருடம் இருந்தவளுக்குப் புஷ்பத்தின் பேச்சு பிடிபட்டது. படுக்கையின் ஒரு பக்கம் சவரிராயன், மறுபக்கம் மாதங்கி. புஷ்பம் காற்றாகச் சொன்னதை அவள் உரக்கச் சொல்வாள், அது கைத்திரையில் எழுத்தாகும், அவர் படித்துவிட்டுப் பதில் சொல்வார். முருங்கைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தம்பி மகளுக்கு வரன் முடிந்ததா, மாத்திரை நேரத்துக்குப் போடுகிறாரா. கணவன் மனைவிக்குள் பேசுகிற பேச்சு மூன்றாம் ஆளின் வாய் வழியாகப் போகும்போது அதில் ஏதோ வடிந்துவிடுகிறது என்று மாதங்கிக்குத் தோன்றும். புஷ்பம் சில நேரம் ஏதோ சொல்ல வந்து, அவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வாள்.

ஒருநாள் சவரிராயன் மருந்து வாங்கப் போயிருந்தபோது புஷ்பம் அவளிடம், அவருக்கு இன்னும் பொறி ஏன் வரவில்லை என்று கேட்டாள். செம்பைக் கேட்டு வந்ததையும் மாதங்கி தள்ளிப்போட்டதையும் சவரிராயன் மனைவியிடம் சொல்லவே இல்லை என்பது மாதங்கிக்கு அப்போதுதான் தெரிந்தது. "செஞ்சிட்டிருக்காங்க அண்ணி, வந்துரும்," என்றாள். புஷ்பம் கண்ணை மூடி, சீக்கிரம் வந்தால் தேவலை என்றாள்.

கண்காட்சிக்கு எதிர்பாராத கூட்டம். தஞ்சாவூரிலிருந்தும் கரூரிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். முடியால் செய்த முகங்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் ஆசிரியையின் பின்னால் ஒளிந்தார்கள். உப்புத் தெருவை ஒரு முதியவர் மண்டியிட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, இதில் என் வீடு இருக்கிறது என்றார். எல்லாரும் கடைசியில் மழையின் முன்னால் வந்து நின்றார்கள். கதவை வேண்டுமென்றே திறந்து மூடி அந்த இரைச்சலைக் கேட்டார்கள். யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதங்கியின் கையைப் பிடித்து, உங்களுக்குக் கோடி புண்ணியம் என்றாள். மாதங்கிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மாதங்கி மருத்துவமனையில் இருந்தபோது அவளுடைய கைத்திரை அதிர்ந்தது. இல்யாஸ். நடுவர்கள் நாள் சொல்லாமல் திடீரென்று வந்து மழையின் முன்னால் நிற்கிறார்கள், எந்தெந்தப் பொருள் ஏன் என்று அவள் வாயால் கேட்க வேண்டுமாம். மாதங்கி எழுந்து ஜன்னலோரம் போனாள். அன்று காலையிலிருந்து புஷ்பத்தின் மூச்சு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். ஏன் செம்பு என்று கேட்டார்கள். செம்பு காலத்தோடு நிறம் மாறும், இழந்தவர்களின் ஞாபகம் போல என்றாள். ஏன் ஒரே இழை என்றார்கள். மழைக்கு நடுவில் நிறுத்தம் இல்லை என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகம் ஏறியது. அந்தப் பக்கம் யாரோ சபாஷ் என்றது கேட்டது.

அவள் திரும்பியபோது புஷ்பம் கணவனின் கையைப் பிடித்திருந்தாள். அவள் கண் அவர் முகத்திலேயே இருந்தது. முகமூடிக்குள் ஆவி படிந்திருந்தது. சவரிராயன் கைத்திரையைப் பார்த்தார், புள்ளிகள். நிமிர்ந்து மாதங்கியைப் பார்த்தார்.

"என்ன சொல்றா?"

மாதங்கிக்குக் காதில் இன்னும் அந்தச் சபாஷ்தான் இருந்தது. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாம். தான் கவனிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கலாம்.

"தண்ணி கேக்குறாங்கண்ணே," என்றாள்.

அவர் அவசரமாக எழுந்து முகமூடியை நகர்த்தி, பஞ்சில் நனைத்து இரண்டு சொட்டு விட்டார். பிறகு கரண்டியால் கொடுத்தார். புஷ்பம் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்து குடித்தாள். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. வெகுநாளுக்குப் பிறகு அவளுக்கு நேரடியாக ஏதோ செய்த சந்தோஷம். அதன்பின் அவள் பேசவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த அந்த வாரமே கலைமன்றத்தின் அறிவிப்பு வந்தது. 'நிற்கும் மழை'க்கு நிலைப்பேறு. இல்யாஸ் கொட்டகையில் எல்லாருக்கும் பால்பாயசம் ஊற்றினான். மாதங்கி ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தி, இடுக்கியோடு மேலே ஏறினாள். முதல் இழையை வெட்டிவிட்டால் போதும், மற்றது தானாகச் சரியும் என்று அவளுக்குத் தெரியும். இல்யாஸ் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். இது இனி உன்னுடையது இல்லை, கை வைத்தால் உள்ளே போவாய் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். சட்டம் அப்படித்தான். செய்தவளுக்கும் அழிக்க உரிமை இல்லை. இரண்டு நாளில் மழையின் முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை வைத்தார்கள். உலோகம் தந்தவர்கள்: சவரிராயன், புஷ்பம். பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன.

கையிருப்பிலிருந்து செம்பு வந்தது. சவரிராயனுக்குப் புதுப் பொறி பொருத்தினார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிய பிறகு, அவர் மாதங்கியை உட்காரச் சொன்னார். உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். கூடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். புதுப் பொறியில் சத்தமெல்லாம் தகரத்தில் கல் விழுகிற மாதிரி இருக்கிறது, பழகிவிடும் என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பலகையில் புஷ்பத்தின் பெயரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவள் இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்திருப்பாள் என்றார்.

"எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் தாயி," என்றார். "கடைசியா எங்கிட்டதான் தண்ணி கேட்டா, என் கையாலதான் குடிச்சான்னு. சாமியார்கூட இன்னைக்குப் பிரசங்கத்துல சொன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவ எப்படிக் கேட்டா? வெறுமனே தண்ணின்னாளா, என்னைய ஏதாவது சொல்லிக் கூப்பிட்டாளா? அவ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டு. இப்பத்தான் காது கேக்குதே."

புஷ்பம் அவரை எப்படிக் கூப்பிடுவாள் என்று மாதங்கிக்குத் தெரியும். 'ராயரே' என்பாள். 'ராயரே, கொஞ்சம் தண்ணி குடுங்க' என்று அந்தக் குரலிலேயே சொல்லிவிடலாம். அந்த வார்த்தைகள் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. சொன்னால் அவர் சாகும்வரை அதை வைத்துக்கொண்டிருப்பார். தனக்கும் இதோடு முடிந்துவிடும் என்று நினைத்த அந்த நொடியில்தான், இதையும் தனக்காகவே செய்யப்போகிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அவங்க தண்ணி கேக்கலண்ணே," என்றாள். "என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் ஜன்னல்கிட்ட நின்னு நடுவருங்ககிட்டப் பேசிட்டிருந்தேன். நீங்க கேட்டதும் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

சவரிராயன் புருவத்தைச் சுருக்கினார். காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தட்டினார். தலையைச் சாய்த்து அவள் பக்கம் நகர்ந்தார்.

"பாதிதான் விழுந்துச்சு தாயி. இன்னொருக்காச் சொல்லு."

மாதங்கி நாற்காலியை அவருக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் தடவை வார்த்தைகள் எப்படியோ வந்து விழுந்துவிட்டிருந்தன. இரண்டாம் தடவை ஒவ்வொன்றையும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. நிறுத்தி நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செம்பைக் கழற்ற முடிந்தும் கழற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

அவருக்கு இந்த முறை விழுந்துவிட்டது. அவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரம் பேசுனா அன்னைக்கு," என்றார் கடைசியில். "முகமூடியில ஆவி வந்து வந்து மறைஞ்சுச்சு. நீளமா என்னமோ சொன்னா. தண்ணிங்கிறதுக்கா இவ்வளவு நேரம்னு எனக்கு அப்பவே தோணுச்சு." கைகளை மடித்துக்கொண்டு, "கேக்காமலேதான் குடிச்சிருக்கா," என்றார்.

அவர் இரண்டு கையாலும் காதுப்பொறியைக் கழற்றினார். புதிது என்பதால் அதன் கொக்கி உடனே வரவில்லை, பதறாமல் நெம்பி எடுத்தார். மேசைமேல் வைத்தார். கைத்திரையைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே," என்றாள் மாதங்கி. அவர் முதுகைப் பார்த்து மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர் திரும்பவில்லை. வெளியே பேருந்துகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.